கலிடோனியன் கல்லறைக்கு வெள்ளையடித்தது

எங்களுக்கு அமெரிக்காவில் கல்லறை இல்லை. வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஆட்கள் யாரும் இங்கே சாகவில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் நவம்பர் இரண்டாம் தேதி நெருங்கினால் அம்மாவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அம்மா பிறந்த வீடு நாகர்கோவில் பக்கம். கத்தோலிக்கக் குடும்பம். அங்கே நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்குச் சில நாள் முன்பே வீட்டு ஆண்கள் மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். புல்லைச் செதுக்கி, கல்லறையைக் கழுவி, வெள்ளையடிப்பார்கள். திருநாள் அன்று சாயங்காலம் மாலையும் மெழுகுவர்த்தியும் வைப்பார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே ஒவ்வொரு கல்லறையாக வருவார். வெள்ளையடிக்காத கல்லறையைப் பார்த்தால் ஊர் சும்மா இருக்காது. பிள்ளை பெற்றும் இப்படிக் கிடக்கிறானே என்று பேசும். இதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐந்து வயதிலேயே என்னை இங்கே கூட்டி வந்துவிட்டார்கள்.

அப்பா வீடு சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட். செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி வைப்பது அப்பாவுக்குப் பிடிக்காது. அதற்காகச் சண்டை போடவும் மாட்டார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார்.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருந்தோம். சுற்றி இருந்த தமிழர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் வேலை. அப்பா ஓட்டலில் சமையல் வேலை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டு ஹாலில் சோஃபாவில் படுத்துக்கொள்வார். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒருவரோடு வேலைக்குப் போவார். மாமா விசிட்டர் விசாவில் வந்தவர். விசா முடிந்தது. அவர் போகவில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. போலீஸ் பிடித்துக் கேட்டால் அனுப்பிவிடுவார்கள். வீட்டில் பெரியவர்கள் மூன்று பேருக்கும் எப்போதும் இந்தப் பயம் இருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாமா கார் ஓட்டினால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவ்வளவு மெதுவாகப் போவார்.

அந்த வருஷம் செப்டம்பரில் ஊரில் தாத்தா இறந்துபோனார்.

அம்மாவாலும் போக முடியவில்லை. கிரீன் கார்டு வேலை பாதியில் இருந்தது. நாட்டை விட்டு வெளியே போனால் மொத்தமும் கெட்டுப்போகும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அடக்கத்தைக் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். பெட்டியை இறக்கும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் நால்வரும் நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமா ஒரே மகன். முதல் கைப்பிடி மண்ணை அவர்தான் போட வேண்டும். அவருடைய சித்தப்பா மகன் போட்டார் என்று பிறகு போனில் சொன்னார்கள்.

மாமா அழவில்லை. மறுநாள் வேலைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகிற தமிழ்ச் சபைக்குச் சொந்தமாகச் சர்ச் கிடையாது. பக்கத்து ஊரில் ஒரு பழைய வெள்ளைக்காரச் சர்ச். காலையில் அவர்கள் ஆராதனை. வயதானவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். மத்தியானத்துக்கு மேல் எங்களுக்குத் தருவார்கள். சாவி ஒரு வெள்ளைக்கார அம்மாள் கையில் இருந்தது. அவரை நாங்கள் பிள்ளைகள் எல்லாம் சாவி ஆன்டி என்போம். உயரமானவர், சிரிக்க மாட்டார். நாங்கள் போன பிறகு வந்து லைட்டை அணைத்தோமா, நாற்காலியை மடக்கினோமா என்று பார்ப்பார்.

சர்ச்சுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். எல்லாம் பழைய கல். ஆராதனை முடிந்து பெரியவர்கள் கீழே டீ குடிக்கும்போது நாங்கள் அங்கே ஓடிப்பிடித்து விளையாடுவோம். தாத்தா போன பிறகு அம்மா டீ குடிக்கப் போவதில்லை. அங்கே வந்து நடப்பாள். என்னைக் கூப்பிட்டுக் கல்லில் இருப்பதைப் படிக்கச் சொல்வாள்.

நான் படிப்பேன். இன்னாருடைய மனைவி. இன்னாருடைய மகன். எல்லாக் கல்லிலும் ஒரு பேர் இருந்தது. வேலி ஓரத்தில் சின்னதாகச் சிவப்பு நிறத்தில் ஒரு கல் இருந்தது. அதில் மட்டும் பேர் இல்லை. இங்கே ஒரு கலிடோனியன் அடக்கம் என்று இருந்தது. அதோடு முடிந்தது.

"கலிடோனியன்னா?"

"ஐ டோன்ட் நோ, அம்மா."

"தமிழ்ல சொல்லு."

"தெரியாது."

"டீச்சர்ட்ட கேட்டுட்டு வா."

நான் கேட்கவில்லை. கல்லறையில் படித்தேன் என்று வகுப்பில் சொல்ல வெட்கம்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா பேச்சை எடுத்தாள். அந்தப் பேரில்லாத கல்லுக்குத் தாத்தா நினைவாக ஒரு மெழுகுவர்த்தி வைக்கலாமா என்று கேட்டாள்.

"அந்தக் கலிடோனியன் யாருன்னே தெரியாது" என்றார் அப்பா. "ஏதாவது சபைப் பேரா இருக்கும். லுத்தரன், பிரெஸ்பிட்டேரியன், கலிடோனியன்."

அம்மாவுக்கு இது யோசனையாகப் போய்விட்டது. வேறு சபைக்காரனுக்கு நம் மெழுகுவர்த்தி ஆகுமா?

"செத்தவனுக்கு என்னக்கா சபை?" என்றார் மாமா. "பேரு போட்ட கல்லுன்னா அது அவங்க வீட்டு ஆளு. நாம போய் நிக்க முடியாது. இது பேரில்லாத கல்லு. யாருக்கு வேணும்னாலும் அப்பாவா இருந்துக்கலாம்."

"சும்மா இரு மாப்ள" என்றார் அப்பா. "சர்ச்சை விட்டு வெளியேத்திருவாங்க."

"சவத்த விடுங்க அத்தான். ஒரு மெழுகுதிரிக்கா வெளியேத்துவாங்க?"

அப்பா வேறு பக்கம் பார்த்தார். அம்மா குழம்பை ஊற்றினாள். அவளுக்கு மெழுகுவர்த்தியே போதும். மாமாவுக்குப் போதவில்லை.

சனிக்கிழமை ஹாலோவீன். பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற நாள். எனக்கு அம்மா பூனை வேஷம் போட்டிருந்தாள். தலையில் இரண்டு காது, முகத்தில் மீசை. மாமா என்னைப் பக்கத்துத் தெருக்களுக்கு மிட்டாய் வாங்கக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. காரில் ஏறிய பிறகுதான் பின்சீட்டில் பெயிண்ட் வாளியும் பிரஷும் இருப்பதைப் பார்த்தேன்.

"மொதல்ல ஒரு சின்ன வேலை இருக்கு" என்றார். "அம்மாட்ட சொல்லாத. நாளைக்கு அவளே பாக்கட்டும். பாத்து அப்படியே நிக்கணும், கேட்டியா?"

சர்ச்சில் யாரும் இல்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காற்றில் இலை பறந்தது. மாமா தொப்பி வைத்த பெரிய கறுப்புக் கோட்டைப் போட்டு, தொப்பியையும் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்தார். முதலில் கல்லைச் சுற்றி இலையை வாரினார். கையாலேயே புல்லைப் பிடுங்கினார். தண்ணீர் விட்டுக் கல்லைக் கழுவினார். அப்புறம் பெயிண்ட் வாளியைத் திறந்தார். வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளை.

நான் வாளியைப் பிடித்துக்கொண்டேன். பேசிக்கொண்டே இருக்கிற மாமா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே என்று ஒரே சீராக அடித்தார். கல்லின் பின்பக்கம், பக்கவாட்டு, மண்ணோடு ஒட்டுகிற விளிம்பு எதையும் விடவில்லை. எனக்குக் குளிர்ந்தது. மிட்டாய் எல்லாம் தீர்ந்துபோகும் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

முடித்ததும் தள்ளி நின்று பார்த்தார். கல் பளிச்சென்று இருந்தது. எழுத்து தெரியவில்லை.

"இனி யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, பாத்துக்கோ" என்றார். யார் என்ன சொல்வார்கள் என்று நான் கேட்டேன். "ஊர்ல உள்ளவனுவ" என்றார். அந்த ஊர் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அங்கே இருப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை.

அதன் பிறகு போனோம். மிட்டாய் நிறையவே கிடைத்தது.

மறுநாள் ஞாயிறு. அப்பாவுக்கு ஓட்டலில் மத்தியான வேலை. முடித்துவிட்டு நேரே வருவதாகச் சொல்லியிருந்தார். மாமா கார் ஓட்டினார். அம்மா முன்னால், நான் பின்னால். போகிற வழியில் கடையில் நிறுத்தித் தொட்டியோடு ஒரு மஞ்சள் செவ்வந்திச் செடி வாங்கினாள் அம்மா. இந்த ஊரிலும் அந்த மாதத்தில்தான் செவ்வந்தி வரும். மாமா என்னைக் கண்ணாடியில் பார்த்துக் கண்ணடித்தார்.

சர்ச் வாசலில் திரும்பினோம். போலீஸ் கார் நின்றது.

மாமா காரை நிறுத்தினார். திருப்பிப் போகவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. சாவி ஆன்டியும் ஒரு போலீஸ்காரரும் வேலி ஓரத்தில் அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்பது தெரிந்தது. கல் தூரத்திலிருந்தே வெள்ளையாகத் தெரிந்தது.

"என்னலே அது?" என்றாள் அம்மா.

மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கல்லையே பார்த்தார்.

"வெள்ளையடிச்சியா?"

"அப்பாவுக்கு அடிக்கணும்லா" என்றார் மாமா. "நான்தானக்கா அடிக்கணும்."

எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு ஆன்டி காரின் அருகே வந்தார். அம்மா கண்ணாடியை இறக்கினாள். ஆன்டி விஷயத்தைச் சொன்னார். ஹாலோவீன் அன்று யாரோ வந்து கல்லறையைப் பாழாக்கிவிட்டார்கள். போன வருஷம் இதே நாளில் பையன்கள் வந்து கல்லைத் தள்ளிவிட்டுப் போனார்களாம். இந்த வருஷம் பெயிண்ட். எதிர்வீட்டில் ஒருத்தி பார்த்திருக்கிறாள். தொப்பிக் கோட்டுப் போட்ட ஒரு ஆள், கூடப் பூனை மாதிரி ஒரு குழந்தை. "என்ன ஜனங்களோ, குழந்தையைக் கூட்டிக்கிட்டு இந்த வேலை பண்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். மீசை சரியாகப் போயிருக்கவில்லை.

அம்மா மாமா போட்டிருந்த அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். பிறகு மாமாவிடம், "குளிருது. கோட்டக் கழத்து" என்றாள்.

"எக்கா..."

"கழத்துலே."

மாமா கழற்றிக் கொடுத்தார். கறுப்புக் கோட்டில் கையிலும் முன்பக்கத்திலும் வெள்ளைச் சொட்டுகள் இருந்தன. அம்மாவிடம் சொந்தக் கோட்டு இருந்தது, நல்ல கனமான கோட்டு. அதைக் கழற்றி மாமா மடியில் போட்டுவிட்டு இதை மாட்டிக்கொண்டாள். கை நீளமாக இருந்தது. மடித்துவிட்டாள்.

"நீ எறங்காத" என்று மாமாவிடம் சொன்னாள். "நீ வா மக்ளே" என்று என் கையைப் பிடித்தாள்.

பெயிண்ட் பட்ட கோட்டை ஏன் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அசிங்கமாக இருந்தது.

அம்மாவுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். கடைக்கு, டாக்டருக்குப் போதும். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. எனக்குத் தமிழில் சொன்னாள்.

"நான்தான் அடிச்சேன்னு சொல்லு."

நான் அம்மாவைப் பார்த்தேன். "பட் மாமா..." என்று ஆரம்பித்தேன். என் விரலை நெரித்தாள். "சொல்லு."

சொன்னேன். போலீஸ்காரர் சின்ன வயது. அம்மாவின் கோட்டைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

"நாளைக்குக் கல்லறைத் திருநாள்னு சொல்லு. எங்க ஊர்ல வெள்ளையடிக்கது மரியாதைன்னு சொல்லு. தெரியாம செஞ்சிட்டோம், மன்னிக்கணும்னு சொல்லு."

கல்லறைத் திருநாளுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியவில்லை. நாளைக்குச் செத்தவர்களுக்குப் பிறந்தநாள் என்று சொன்னேன். பிறந்தநாளுக்கு எங்கள் ஊரில் பெயிண்ட் அடிப்போம் என்றும் சொன்னேன். போலீஸ்காரர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். சிரித்தார் என்று நினைக்கிறேன். சாவி ஆன்டி சிரிக்கவில்லை.

கூட யார் இருந்தது என்று போலீஸ்காரர் கேட்டார். நான் என்று சொன்னேன். வேறு யாராவது, என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

"நோ. ஒன்லி மீ."

அவ்வளவு தெளிவாக அம்மா ஆங்கிலம் பேசி நான் கேட்டதில்லை.

அவர் லைசென்ஸ் கேட்டார். அம்மா கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு அவர் தன் காருக்குப் போனார். அங்கே போகிற வழியில்தான் எங்கள் காரும் நின்றது. அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை வலித்தது. எங்கள் காருக்குப் பக்கத்தில் போகும்போது அவர் உள்ளே பார்த்துத் தலையை ஆட்டினார். மாமாவும் ஆட்டியிருப்பார். அவர் நிற்காமல் போனார்.

திரும்பி வந்ததும் அவர் சாவி ஆன்டியிடம் கேட்டார். புகார் எழுதவா, வேண்டாமா? எழுதினால் எதிர்வீட்டு அம்மாவையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்றார். அம்மா என் பக்கம் குனிந்து, "என்ன சொல்லுகாரு?" என்றாள். நான் சொன்னேன். எதிர்வீட்டு அம்மா பார்த்தது ஆம்பிளை என்று அவள் வந்து சொல்லிவிட்டால் தீர்ந்தது. எனக்கு இந்தக் கணக்கெல்லாம் ஓடவில்லை. அம்மாவுக்கு ஓடியிருக்கும்.

சாவி ஆன்டி கல்லுக்குப் போய் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். விரலில் வெள்ளை ஒட்டியது. குளிரில் பெயிண்ட் காயவே இல்லை. விரலைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். வேண்டாம், கழுவினால் போய்விடும், இவளே கழுவட்டும் என்றார்.

போலீஸ் கார் போனது. மேலே எங்கள் சபை பாட்டு ஆரம்பித்துவிட்டது. நாங்கள் போகவில்லை. சாவி ஆன்டி உள்ளே போய் வாளியில் வெந்நீரும், மெத்தென்ற பிரஷ் இரண்டும் கொண்டு வந்தார். இது மணல்கல், அழுத்தித் தேய்த்தால் தோலோடு உரியும், பெயிண்ட் காய்ந்திருந்தால் இந்தக் கல் இரண்டே குளிர்காலத்தில் உதிர்ந்திருக்கும் என்று என்னிடம் சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இலை மேல் முட்டிக்கால் போட்டு உட்கார்ந்தாள். இழுத்துத் தேய்க்காமல், பைய, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தேய்த்தாள். அதைப் பார்த்துவிட்டுச் சாவி ஆன்டியும் மறுபக்கம் உட்கார்ந்து இன்னொரு பிரஷை எடுத்தார்.

வெள்ளைத் தண்ணீர் மண்ணில் ஓடியது. சிவப்பு திரும்ப வந்தது. எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் பெயிண்ட் தங்கிவிட்டது. முன்னால் உற்றுப் பார்த்தால்தான் படிக்க முடியும். இப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே படிக்கலாம். சாவி ஆன்டி அதைச் சுரண்டப் போனார். அப்புறம் விட்டுவிட்டார்.

"கலிடோனியன்னா என்னன்னு கேளு" என்றாள் அம்மா.

கேட்டேன். ஸ்காட்லாந்துக்காரர் என்று அர்த்தம் என்றார். பழைய வார்த்தை. ரொம்ப நாளைக்கு முன்பு பாட்டு எழுதுகிறவர்களும் புத்தகம் எழுதுகிறவர்களும் ஸ்காட்லாந்து ஜனங்களை அப்படிச் சொல்வார்களாம். பேச்சில் யாரும் சொல்வதில்லை. சாவி ஆன்டியின் முன்னோர்களே ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள்தானாம். அவர் வீட்டில் ஒருத்தரும் தன்னைக் கலிடோனியன் என்று சொல்லிக் கேட்டதில்லை என்றார்.

"ஸ்காட்லாந்துக்காரங்களாம். பழைய புக்ல மட்டும் வர்ற வேர்டு."

"மலையாளத்தான சேரநாட்டான்னு பாட்டுல சொல்லுக மாதிரியா?"

எனக்குச் சேரநாடு தெரியாது. ஆமாம் என்றேன்.

"பின்ன ஏன் பேரு போடல?"

சாவி ஆன்டி பிரஷை வாளியில் முக்கிக்கொண்டே சொன்னார். தன் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதை, உண்மையா என்று தெரியாது என்றுதான் ஆரம்பித்தார். ஒரு குளிர்காலத்தில் இந்த ஆள் வேலை தேடி நடந்து வந்திருக்கிறார். வழியில் காய்ச்சல். ஒரு பண்ணைக்காரர் வைக்கோல் கொட்டகையில் படுக்கவைத்திருக்கிறார். நினைவு தப்பி எதையோ பேசிக்கொண்டே கிடந்து செத்துப்போனார். பேர் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது அவர் சொல்கிற நிலையில் இல்லை. பேச்சின் ராகத்தை வைத்து ஸ்காட்லாந்து ஆள் என்று மட்டும் கண்டுபிடித்தார்கள். பிறகு கல் வைக்கும்போது, ஒரு ஸ்காட்லாந்துக்காரன் என்று மட்டும் போட்டால் மொட்டையாக இருக்கிறதே என்று ஊர் வாத்தியார் புத்தகத்திலிருந்து இந்தப் பெரிய வார்த்தையை எடுத்துக் கொடுத்தாராம். பேருக்குப் பதிலாக.

நான் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். அம்மா தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவரு வீட்டுக்குத் தகவல் சொன்னாங்களான்னு கேளு."

கேட்டேன். சாவி ஆன்டி தோளைக் குலுக்கி, யாருக்கு என்று திருப்பிக் கேட்டார்.

"யாருக்குச் சொல்றதுன்னு தெரியலையாம்" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. அவள் திரும்பிக் காரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மாமா அம்மாவின் பெண்பிள்ளைக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் ஆவி படிந்து அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. யாரோ ஒரு ஆள் மாதிரி இருந்தது.

அம்மா அழுதாள். தாத்தா செத்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. முட்டிக்கால் போட்டபடியே, ஈரப் பிரஷைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். அந்த ஸ்காட்லாந்துக்காரருக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். சாவி ஆன்டி, பெயிண்ட் அடித்ததற்காக அழுகிறாள் என்று நினைத்திருப்பார். கல்தானே, போகட்டும், போகட்டும் என்று அம்மாவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். நாளைக்கு வந்து மெழுகுவர்த்தி வைத்துக்கொள்ளலாம், ஆனால் கல் மேல் வைக்கக் கூடாது, தரையில் வைக்க வேண்டும் என்றார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனோம். அப்பாவும் வந்தார். தள்ளி நின்றார். ஆனால் காற்றுக்கு மெழுகுவர்த்தி அணையாமல் தன் தொப்பியை எடுத்து மறைத்துப் பிடித்தவர் அவர்தான். செவ்வந்தித் தொட்டியை மாமா வைத்தார். இறந்தவர்களுக்குச் சொல்கிற ஜெபத்தைச் சொன்னார். நடுவில் நின்றுபோனார். அம்மா எடுத்துக்கொடுத்தாள். கடைசியில், "எங்க அப்பாவுக்கும், இன்னா இங்க கெடக்க அண்ணாச்சிக்கும்" என்று முடித்தார். பிறகு குனிந்து ஒரு கை மண்ணை எடுத்தார். போட ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு எடுத்த இடத்திலேயே போட்டார்.

அந்த வாரமே அம்மா எனக்கு ஒரு பாடம் ஆரம்பித்தாள். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் எனக்குத் தலை பின்னும்போது அது நடக்கும்.

"மாமாவுக்க முழுப் பேரு என்ன?"

எனக்கு மாமா மாமாதான். முழுப் பேர் தெரியாது. அம்மா சொல்லிக்கொடுத்தாள். மாமாவின் பேர், தாத்தாவின் பேர், வீட்டுப் பேர், ஊர், பங்குக் கோயில், ஊரில் யாருக்குப் போன் பண்ண வேண்டும், அந்த நம்பர். முதலில் தமிழில், அப்புறம் ஆங்கிலத்தில், வெள்ளைக்காரருக்கும் புரிகிற மாதிரி. ஒன்று விட்டாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சோஃபாவில் உட்கார்ந்து பிரெட் தின்றுகொண்டிருக்கும் மாமாவுக்குச் சிரிப்பு.

"என்னக்கா, இவள எந்தப் பரீட்சைக்கு விடுக?"

அம்மா சிரிக்க மாட்டாள். "நீ தின்னுட்டுக் கெளம்பு" என்பாள்.

மாமா இன்னும் இங்கேதான் இருக்கிறார். இன்னும் மெதுவாகத்தான் கார் ஓட்டுகிறார். அதனால் அந்தப் பேரையும் ஊரையும் நான் இங்கே எழுதவில்லை. ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அன்றைக்கு அதைத் தமிழ்ப் பாடம் என்றே நினைத்தேன். சீக்கிரமே மூச்சு விடாமல் முழுவதும் ஒப்பிக்க வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு காலையில் அம்மாவிடம் கேட்டேன்.

"டெஸ்ட் எப்பம்மா?"

"அது வரவே வேண்டாம் மக்ளே" என்று சொல்லி அம்மா என் பின்னலை இறுக்கினாள்.

இவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தது வீணாகப் போகிறதே என்று அன்று முழுக்க எனக்கு வருத்தமாக இருந்தது.